பறையும் கூலியும்



சில மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் என் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் உரையாடிக்கொண்டிருந்தேன். அவர் நெடுங்காலம் பிறநாட்டில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். அங்கே ஒரு கடையில் முன்பின் அறியாத ஒருவன் தம்மைக் 'கூலி' என்று விளித்த கதையைச் சொன்னார். நிகழ்ந்து இருபது ஆண்டுகள் கழிந்தும், அதனைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அவ்வேளையில் தெருநாய் ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு முற்றத்துள் வந்தது. நண்பர் எழுந்து, 'சீ, பறநாயே!' என்று அதட்டித் துரத்தினார். அவர் வந்து அமர்ந்ததும், அவருடைய பேர்த்தி, 'அப்பப்பா, பறநாய் என்றால் என்ன?' என்று கேட்டாள். அவரும் விடை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அச்சொல்லை நானும் சிறுவயது முதலாக எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். அன்று அச்சிறுமிக்குக் கூறாத விடையை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

பறை என்னும் சொல் இழிவிலே பிறந்ததன்று. அது ஒரு தோற்கருவியின் பெயர். தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணினார். தெய்வமில்லாத நிலம் இல்லாதவாறு, பறையில்லாத நிலமும் இல்லை என்பது அவர் கண்ட முறை. புறநானூற்றிலே மாங்குடி கிழார் பாடிய பாட்டொன்று, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றி வேறு குடியில்லை என்கின்றது. பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருளுண்டு. மலையாளத்தார் இன்றும் பேசுவதைப் பறைதல் என்றே கூறுவர். யாழ்ப்பாணப் பேச்சிலும் அவ்வழக்கு உண்டு.

இத்தகைய சொல் வசையானது எவ்வாறு? ஊருக்குச் செய்தி அறிவிக்கவும், சாவீட்டில் இறந்தாரை வழியனுப்பவும் பறை வேண்டியிருந்தது. ஆயின், அதனை முழக்கியவனை ஊருக்குப் புறத்தே நிறுத்தினார்கள். தொழிலின் பெயர் சாதியின் பெயராயிற்று. சாதியின் பெயர் வசையாயிற்று. ஈற்றில் நாய்க்கும் அடைமொழியாயிற்று.

வீட்டிலே நாம் ஏற்றிய இக்கறையோடுதான் அச்சொல் கடல் கடந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஆங்கில எழுத்தில் 'பறையா' எனப் புகுந்துவிட்டது. பிரான்சிய எழுத்தாளர் பெர்னார்தன் த சென்பியர் 1791ஆம் ஆண்டு வெளியிட்ட கதையொன்றில், உண்மையைத் தேடிவரும் ஆங்கில அறிஞர், அதனைப் பெரிய கோயிலிற் காணாது, ஒதுக்கப்பட்ட ஒருவனின் குடிசையிற் காண்கின்றார். 1821ஆம் ஆண்டு பாரிசில் இப்பெயராலேயே ஒரு துன்பியல் நாடகமும் அரங்கேறிற்று. காலப்போக்கில், தள்ளிவைக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது மேனாட்டு மொழிகளில் நிலைத்தது. இன்று உலக அரங்கில் ஒதுக்கப்படும் நாட்டையும் ஆங்கிலப் பத்திரிகைகள் அச்சொல்லாலேயே சுட்டுகின்றன. அச்சொல்லின் பின்னே உயிருள்ள ஒரு தமிழ் மக்கட் கூட்டம் நிற்பதை எழுதுவோர் பலர் அறியார். அவர்கள் அறியாது சொல்கின்றார்கள். நாமோ அறிந்தும் அறியார்போற் சொல்கின்றோம்.

இனி, என் நண்பரைப் புண்படுத்திய சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல் குசராத்திலுள்ள கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்ததென்பர் சிலர். தமிழ்க் கூலியே அதற்கு மூலம் என்பர் வேறு சிலர். நமக்குக் கூலி என்றால் உழைப்பின் ஊதியம். முயற்சியுடையவனின் உடல் வருத்தத்துக்குக் கிடைக்கும் பயனை வள்ளுவர் இச்சொல்லாலேயே குறித்தார். ஊதியத்தின் பெயரை மனிதனுக்குச் சூட்டியபோது, மனிதன் மறைந்தான். அவன் விலை மட்டுமே எஞ்சிற்று.

1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று ஒப்பந்தத் தொழிலாளரைத் தென்னாபிரிக்காவின் நேற்றாலில் இறக்கியது. பின்னர் அந்நாட்டில் இந்தியர் அனைவருமே கூலிகள் எனப்பட்டனர். 1893ஆம் ஆண்டு அங்கு சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். தமிழர் பெயர்களின் ஈற்றில் 'சாமி' என வருவதைக் கேட்ட வெள்ளையர், அதனையும் ஏளனப் பெயராக்கினர் என்று அவர் தமது சுயசரிதையில் எழுதியுள்ளார். தலைவன் எனப் பொருள்படும் சொல்லும் ஏளனம் செய்வோன் வாயில் ஏளனமாயிற்று! கறை சொல்லில் இல்லை, சொல்வோன் நெஞ்சில் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டுக்கு வருவோம். மலைநாட்டிலே கோப்பியும் தேயிலையும் வளர்த்த மக்களைத் துரைமார் கூலிகள் என்றனர். அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளும் கூலி லயன்கள் ஆயின. ஆனால், 'தோட்டக்காட்டான்' என்று அவர்களை இகழ்ந்தவர் துரைமாரல்லர். அது நம்மவர் நாவிலே பிறந்த சொல்.

இழிவைச் சுமந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு சென்னையில் 'பறையன்' என்ற பெயராலேயே பத்திரிகை தொடங்கினார். வசையாக எறியப்பட்ட பெயரைக் கொடியாக உயர்த்தினார். எம். சி. ராஜா முதலியோர் வேறு வழியை நாடினர். 1922ஆம் ஆண்டு சென்னை அரசாங்க ஏடுகளில் அப்பெயருக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் ஏற்கப்பட்டது. ஒருவர் பெயரை மீட்டார். மற்றவர் பெயரை மாற்றினார். தம்மை எப்பெயரால் அழைப்பது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையையே இருவரும் வேண்டினர்.

இலங்கையில் 1957ஆம் ஆண்டு, சாதியின் பேரால் மக்களைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் கடையின் கதவைத் திறக்கலாம். முற்றத்தில் நாயைத் துரத்தும் வாயை அது காவல் செய்ய இயலாது. அக்காவல் நமக்கே உரியது.

'இவ்வாறு ஒவ்வொரு சொல்லாக விலக்கினால் மொழி வறியதாகிவிடாதா?' என்று சிலர் வினவலாம். பறை என்னும் சொல்லை விலக்குமாறு நான் கூறவில்லை. இன்று இளைஞர் பலர் மேடைகளிலே பறையைப் பெருமையுடன் முழக்குகின்றனர். அச்சொல் அங்கே நெடிது வாழ்க. நாயைச் சுட்டத் தெருநாய் என்னும் சொல் நம்மிடம் உண்டு. அதனால் தமிழுக்கு எவ்விழப்பும் இல்லை.

அச்சிறுமிக்கு நான் கூறவேண்டிய விடை இதுதான்: 'பிள்ளாய், பறை ஒரு நல்ல சொல். அதனைக் கெடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள். உன் அப்பப்பாவுக்குக் கூலி என்ற சொல் எவ்வளவு நொந்ததோ, அவ்வளவு நோவு இச்சொல்லைக் கேட்கும் இன்னொரு வீட்டு அப்பப்பாவுக்கும் உண்டு.'