பெயர் சொல்லி வாழ்த்துவோம்



திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16-ஆம் அதிகாரம் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியல். கோவிலில் அதை வாசிக்க நேர்ந்தால் வாசிப்பவர் அந்தப் பெயர்களில் இடறுவார். நாமும் எப்போது முடியும் என்றிருப்போம். ஆனால் தொடக்கத் திருச்சபையில் மக்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள் என்பதை அந்தப் பட்டியலே நமக்குக் காட்டுகிறது.

ஏறத்தாழ கி.பி. 57-இல் கொரிந்து நகரிலிருந்து பவுல் இதை எழுதினார். அதுவரை அவர் உரோமையில் கால் வைத்ததில்லை. ஆயினும் அங்குள்ள 20-க்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர்களுள் யூதர் உண்டு, பிற இனத்தார் உண்டு. அந்நாளில் அடிமைகளுக்கு வழங்கிய பெயர்களும் உண்டு. மரியா, திரிபேனா, பெர்சி ஆகிய பெண்களின் உழைப்பை மறவாமல் குறிப்பிடுகிறார். ரூபுவின் தாயைத் தமக்கும் தாய் போன்றவர் என்கிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்த்தியுவும் நடுவில் தம் வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறார்!

வாழ்த்துப் பெறுவோரில் முதலில் வருபவர்கள் பிரிஸ்கா, அக்கிலா தம்பதியர். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பேரரசர் கிளவுதியு யூதரை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது, பிழைப்புக்காகக் கொரிந்துக்கு வந்தார்கள். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். தொழிலில் தொடங்கிய பழக்கம் நற்செய்திப் பணியில் தோழமையாக வளர்ந்தது. கோவில் கட்டடம் இல்லாத அக்காலத்தில் அவர்கள் வீடே சபை கூடும் இடமாயிற்று.

ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் நமக்கு இது அந்நியமான கதையா? கிண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய நம் பகுதிக்கு, பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஷிப்ட் முடிந்து ஓடிவந்து, தாமதமாகத் திருப்பலியில் சேர்ந்து, கடைசியில் நின்று, இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுகிறாரே ஓர் இளைஞர், அவர் பெயர் நம்மில் யாருக்காவது தெரியுமா?

கொரிந்துச் சபையிலும் இந்தக் குறை இருந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் அதைச் சிறிய குறையாக விட்டுவிடவில்லை. ஏழையை வெட்கப்படுத்தும் விருந்து ஆண்டவரின் விருந்தே அல்ல என்று கண்டித்தார். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருங்கள் என்று அறிவுறுத்தினார்.

நமக்கு அருகிலுள்ள சின்னமலையும் பரங்கிமலையும் புனித தோமாவின் நினைவைச் சுமப்பவை. உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றிய அந்த மாலையில் தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொல்லியும் அவர் நம்பவில்லை. அதற்காக அவரை அவர்கள் விலக்கி வைத்தார்களா? இல்லை. எட்டு நாள் கழித்தும் அவர் அவர்களோடுதான் இருந்தார். அங்கேயே ஆண்டவரைக் கண்டார். நம்பிக்கை தளர்ந்த ஒருவரை நட்பு தாங்கிப் பிடித்தது.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு நம் தெருக்களில் புகுந்தபோது, மாடி வீடுகள் கீழ்வீட்டாருக்குத் திறந்தன. எந்த ஊர், எந்தச் சாதி, என்ன வாடகை என்று பார்க்க அன்று நேரமில்லை. தண்ணீர் வடிந்தது, பல கதவுகள் மீண்டும் சாத்திக்கொண்டன. வெள்ளம் வந்தால்தான் நாம் உறவினர்களா?

இந்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சென்று பெயரைக் கேட்போம்; நம் பெயரையும் சொல்வோம். அடுத்த வாரம் அவர் வரவில்லை என்றால் விசாரிப்போம். அன்பியக் கூட்டத்தை, வேலைக்குப் போய் வருகிறவர்களும் கலந்துகொள்ளும் நேரத்தில் வைப்போம். வாடகை வீட்டில் இருப்பவரின் ஒற்றை அறையிலும் ஒருமுறை கூடுவோம். பிரிஸ்காவின் வீடும் அப்படித்தான் திருச்சபையானது.

நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர், பிறரையும் அவ்வாறே அழைக்கும் மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.