வெள்ளி மாலை ஐந்து முதல் ஏழு வரை



சர்வாதிகாரம் பற்றிய கதை என்றதும் சிறைக்கூடமும் சித்திரவதையும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. இன்று நாம் பார்க்கப்போகும் ஜேர்மன் குறுநாவலில் கதையின் பெரும்பகுதி ஓர் இறைச்சிக்கடையிலேயே நிகழ்கிறது. அல்பிரெக்ற் கோயஸ் எழுதி 1954இல் வெளிவந்த இதன் பெயர் 'எரிபலி'. கோயஸ் (1908–2000) ஒரு புரட்டஸ்தாந்து மதகுரு. உலக யுத்தத்தின்போது படையினருக்கு மதகுருவாகப் பணியாற்றியவர். தலைப்பை நமது வேள்வியோடு சேர்த்துப் பொருள் கொள்ளுதல் தகாது. வேள்வியில் மிச்சம் பிரசாதமாகும். பழைய ஏற்பாட்டின் இப்பலியில் உண்பதற்கு மிச்சம் வைப்பதில்லை.

ஹிட்லரின் ஆட்சிக்காலம். கடைக்காரரான கணவன் போருக்குப் போய்விட, மனைவி திருமதி வால்க்கர் கடையை நடத்துகிறாள். அந்நகரத்து யூதர்கள் அவளது கடையில் மட்டுமே இறைச்சி வாங்கலாம், அதுவும் வெள்ளி மாலை ஐந்து முதல் ஏழு வரை என்று உத்தரவு வருகிறது. யூதரின் ஓய்வுநாளாகிய சபாத் தொடங்குவது வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் வேளையில். வழிபாட்டுக்குரிய அந்நேரத்தில் அவர்களைக் கடை வாசலில் வரிசையாக நிறுத்துவதற்கு ஒரு நேர அட்டவணை போதுமாயிருந்தது! அவளோ இதையெல்லாம் அறியாதவள். வாரந்தோறும் வருபவர்களின் முகங்களிலிருந்து மெல்ல மெல்ல அறிந்துகொள்கிறாள்.

ஒருநாள் கர்ப்பிணியான ஓர் இளம்பெண் குழந்தை வண்டியொன்றைக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்கிறாள். தனக்கு இனி அது தேவைப்படாது என்கிறாள். ஆசிரியர் இதற்கு விளக்கமெதுவும் சேர்க்கவில்லை. நாவலின் உயிர் இவ்விடத்திலேதான் இருக்கிறது என்பேன்.

அதன்பின் விமானக் குண்டுவீச்சில் வீடு தீப்பற்றுகிறது. திருமதி வால்க்கர் வெளியேறவில்லை. தன்னையே பலியாகக் கொடுக்கத் துணிகிறாள். ஆனால் அவளைத் தீயிலிருந்து இழுத்துக் காப்பாற்றுபவர் ஒரு யூதர். இங்கே மதகுருவின் கை கொஞ்சம் தூக்கலாகவே தெரிகிறது. வாழ்க்கை இவ்வளவு பொருத்தமாக அமையுமா என்று வாசகன் ஐயுறலாம். எனினும் அவளது பலி ஏற்கப்படவில்லை என்பதை நாவல் மறைக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் அவள் வீட்டில் வாடகைக்கு வருபவர் அவள் முகத்துத் தீத்தழும்பைக் காண்கிறார். அவரிடமே அவள் பழைய கதையைச் சொல்கிறாள்.

இக்கதையை உயர்தர வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "அவ என்ன பிழை செய்தவ, சேர்?" என்று கேட்டான். இறைச்சி நிறுத்துக் கொடுத்தாள் என்றேன். அவன் உட்காரவில்லை.