சிறு தொழிலும் மடிக்கணினியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் பேசிச் சிறப்பித்த இம்மேடையில், இட்லி மாவு அரைத்து விற்கும் எங்களையும் பேச அழைத்தமைக்கு நன்றி. இலக்கியம் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. பட்ட பாட்டைச் சொல்லும் தகுதி மட்டும் உண்டு. நம் குடியிருப்புகளில் தையல், ஊறுகாய், பட்டுப்புடவை வாணிகம், தனிப்பயிற்சி, சமையல் ஒப்பந்தம் என வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் குடும்பங்கள் பல. அத்தகையோர் கைக்கு எட்டும் விலையில் ஒரு மடிக்கணினியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டில், பழைய மடிக்கணினி ஒன்றைப் பதினாறாயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். கடையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. குற்றத்தில் பாதி எங்களுடையது. பில் கேட்டால் வரி சேரும் என்றார்கள். பில் வேண்டாம் என்றோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. மூடி பளபளவென்று இருந்தது. அது போதும் என்று எண்ணினோம்.

பதினான்கு மாதம் ஓடிற்று. பிறகு ஒரு மாதம் 18ஆம் நாள் காலையில், திரை கருத்து நின்றுவிட்டது. ஜி.எஸ்.டி. 3பி படிவத்திற்கு 20ஆம் நாள் கெடு. தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம். அது பெரிதன்று, பக்கத்து வீட்டுக் கணினியில் அமர்ந்து படிவத்தை அனுப்பிவிட்டோம். பெரிது வேறு ஒன்று. பதினொரு உணவகங்களுக்கும் கடைகளுக்கும் மாவு கொடுத்து வந்த கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. விற்ற பில்களின் விவரம் அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் ஓரளவு கிடைத்தது. ஆனால் யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதை அந்தத் தளம் எங்ஙனம் அறியும்?

வீடு வீடாக, கடை கடையாகச் சென்று, “நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்?” என்று நாங்களே கேட்கும் நிலை வந்தது. ஒரு பெரியவர் தம் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்து, நாங்கள் நினைத்திருந்ததைவிட நாலாயிரம் அதிகம் என்று எண்ணிக் கொடுத்தார். அவர் நல்ல மனத்தால் எங்கள் கண் கலங்கிற்று. எல்லோரும் அப்படி இல்லை. வராத தொகையைக் கூட்டிப் பார்த்தபோது, அது அந்த இயந்திரத்தின் விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

அன்று நாங்கள் கற்ற பாடம் இதுதான்: ஒரு கருவியின் விலை என்பது வாங்கும் நாளில் கொடுப்பது மட்டுமன்று, அது நின்றுபோகும் நாளில் இழப்பதும் சேர்ந்ததே அதன் விலை.

தாய்மார்களே! மாவு அரைக்கும் கிரைண்டர் வாங்கப் போனால் நாம் என்ன கேட்கிறோம்? எத்தனை லிட்டர், கல் எப்படி, மோட்டார் சூடேறுமா, பழுதானால் பார்க்க ஆள் உண்டா என்று கேட்கிறோம். நிறத்தைக் கடைசியில்தான் பார்க்கிறோம். அந்த அறிவு நம்மிடம் ஏற்கெனவே உள்ளது. கணினிக் கடைக்குள் நுழைந்தவுடன் அதை வாசலில் செருப்போடு விட்டுவிடுகிறோம், அவ்வளவே.

ஆகவே முதற்கேள்வி: நமக்கு என்ன வேலை? ஒரு தாளில் எழுதுங்கள். பில் போடுவது, வரிப் படிவம், கடிதம், விலைப்பட்டியல், பொட்டலத்தில் ஒட்டும் சீட்டு அச்சடிப்பது ஆகியவை மட்டும் என்றால் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. மேசையைவிட்டு நகராத வேலை என்றால் மடிக்கணினியே வேண்டியதில்லை; மேசைக் கணினி அதே பணத்தில் கூடுதல் ஆற்றல் தரும், பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் மின்சாரம் போனாலும் பில் நிற்கக்கூடாது, கணக்காயரிடம் எடுத்துச் செல்லவும் வேண்டும் என்போர்க்கு மடிக்கணினியே ஏற்றது. கணக்குக்கு ‘டாலி பிரைம்’ பயன்படுத்துவோர் விண்டோஸ் உள்ள இயந்திரத்தையே வாங்க வேண்டும். ஆப்பிளிலும் குரோம்புக்கிலும் அது நேரே ஓடாது. மென்பொருளை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற பெட்டியைப் பின்னர்த் தேடுவதே முறை.

இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது? ‘ரேம்’ 8 ஜி.பி.க்குக் குறையக்கூடாது, பின்னர்க் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மெல்லிய இயந்திரங்கள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்ட இயலாது. சேமிப்புக்குச் சுழலும் ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி.யே மேல், 256 ஜி.பி. நம் வேலைக்குப் போதும். பழைய இயந்திரத்தையும் விரைவாக்குவது இந்த ஒரு மாற்றந்தான். நாள் முழுதும் தொகைகளைத் தட்டுவோர்க்கு வலப்புறம் தனி எண் விசைகள் உள்ள அகன்ற விசைப்பலகை பெரும் உதவி. பில் அச்சுப்பொறியையும் பார்கோடு கருவியையும் செருக எத்தனை யு.எஸ்.பி. துளைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, புதியதா, பழையதா? பழையது என்றாலே அஞ்ச வேண்டியதில்லை. பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வகைகள் அலுவலக உழைப்புக்கென்றே செய்யப்பட்டவை. மலிவான புதியதைவிட நன்கு செப்பனிட்ட இத்தகைய பழையது நெடுநாள் உழைப்பதுண்டு. ஆயினும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் புராசசர்களில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவோர் உண்டு. நாளைய பாதுகாப்புக்கு உறுதி கிடையாது. புராசசரின் பெயரில் கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். ‘ஐ5-8250யூ’ என்றால் முதலிலுள்ள 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கும். ‘ஐ5-6200யூ’ என்றால் ஆறாம் தலைமுறை. எவ்வளவு மலிவானாலும் தொழிலுக்கு வேண்டாம்.

நான்காவது, பில். பில்லோடு வாங்கினால் நட்டம் என்று நாங்கள் நினைத்தது பேதைமை. மடிக்கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு வரி 7,200 ரூபாய். தொழிலுக்காக வாங்கி, நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் குறிக்கச் செய்தால், பொது முறையில் பதிவு பெற்றோர் அந்த 7,200 ரூபாயைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். தொகுப்பு வரி முறையில் இருப்போர்க்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் உத்தரவாதம் கேட்கவும், கடைக்காரர் மறுத்தால் வழக்காடவும் அவர்க்கும் பில்லே துணை.

இனி, எங்கே வாங்குவது? தில்லியில் இருக்கும் நமக்கு நேரு பிளேஸ் என்னும் பெருஞ்சந்தை கூப்பிடு தொலைவில் உள்ளது. 2010 முதல் மெட்ரோ வண்டியிலேயே போய் இறங்கலாம். புதியதும் பழையதும் உதிரிப் பாகமும் பழுதுபார்ப்போரும் ஓரிடத்தில் கூடியிருப்பது அதன் சிறப்பு. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், வேலைநாளில் போங்கள். முதல் நாள் பணம் எடுத்துச் செல்லாதீர்கள். எழுதிய தாளை மட்டும் கொண்டுபோய் மூன்று கடைகளில் காட்டி, மூன்று விலைகளைக் குறித்துக்கொண்டு வீடு திரும்புங்கள். படிக்கட்டிலேயே கையைப் பிடித்து இழுப்பவரோடு போக வேண்டாம். மறுநாள் வாங்கும்போது அங்கேயே அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள்: எல்லா விசைகளும் எழுதுகின்றனவா, மின்கம்பியைப் பிடுங்கினால் பேட்டரி தாங்குகிறதா, அடிப்புறம் அளவுக்கு மீறிச் சுடுகிறதா?

வாங்கியபின் காப்பதும் உண்டு. பல நிறுவனங்கள் தம் மடிக்கணினிகள் 35 பாகை வெப்பமுள்ள அறைவரை இயங்கும் என்று குறிக்கின்றன. நம் தில்லியின் மே, ஜூன் மாதங்களோ 45ஐத் தொடுவன. ஆகவே பகலில் சன்னலோரத்திலும் மெத்தைமீதும் வைத்து வேலை செய்யாதீர்கள். புழுதிக்காற்று ஓய்ந்தபின் விசிறித் துளையைத் துடையுங்கள்.

எல்லாவற்றினும் தலையாயது ஒன்று. இயந்திரம் எதுவாயினும் ஒரு நாள் நிற்கும். கணக்குக்குப் படி வேண்டும். ஒரு படி வெளியே செருகும் டிஸ்க்கில். மற்றொன்று இணையச் சேமிப்பில். எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்குமுன் படி எடுப்பது வழக்கம். குளியல் தவறினாலும் தவறும், படி தவறுவதில்லை.

யமுனைக்கு அப்பால் சீலம்பூரில், எறியப்பட்ட கணினிகளை உடைத்து உலோகம் பிரித்தெடுத்துப் பிழைப்போர் பலர். நச்சுப் புகைக்கும் அமிலத்துக்கும் நடுவே அவர்கள் பிழைப்பு நடக்கிறது. மலிவு என்று வாங்கி ஈராண்டில் நாம் எறியும் பெட்டி, அங்கே சிறுவர் கைக்கும் போய்ச் சேரலாம். நெடுநாள் உழைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நம் பணப்பைக்கு மட்டுமன்றி அவர்களுக்கும் நாம் செய்யும் நன்மை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். தொழிலில் போடுவதை அளக்காமல் போடலாமா? இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினி உங்களுக்குக் கைவந்த கலை. நம் குடியிருப்பில் ஓர் அம்மாவோ தாத்தாவோ மடிக்கணினி வாங்கப் புறப்பட்டால், அரைநாள் ஒதுக்கி உடன் செல்லுங்கள். அன்று எங்களோடு அப்படி ஒருவர் வந்திருந்தால், கடை கடையாக ஏறி இறங்கியிருக்க மாட்டோம்.