முதுமை கற்பிக்கும் பணிவு



நமது மாவட்டத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள், 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே வேளையில் நூறு செயல்களில் நினைவைச் செலுத்தி, ‘சதாவதானி’ எனப் புகழ் பெற்றார்கள். நாமோ எழுபதைக் கடந்ததும், நெற்றியில் ஏற்றிய மூக்குக்கண்ணாடியை வீடெங்கும் தேடுகிறோம். நினைவாற்றலும் கால்வலிமையும் நாம் ஈட்டிய சொத்தல்ல. இறைவன் தந்த அமானிதம். அதனை அவன் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறும் காலமே முதுமை.

இதை ஏற்க மறுக்கும் மனமே நம்மை வருத்துகிறது. முழங்கால் மடங்காத பெரியவர்கள் சிலர், நாற்காலியில் அமர்ந்து தொழ நாணிப் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். பெருமானார் (ஸல்) அவர்கள் இறுதி நோயின்போது, இருவர் தாங்கிப் பிடிக்க, பாதங்கள் தரையில் இழுபடப் பள்ளிக்கு வந்தார்கள், அமர்ந்தே தொழுதார்கள். நோயுற்ற தோழர் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கும், நிற்க இயலாவிடில் அமர்ந்து தொழ அனுமதி வழங்கினார்கள். பிறகு நமக்கேன் நாணம்?

பெரியோர்களே, ஹவுளின் படியில் பேரப்பிள்ளை நீட்டும் கையைத் தட்டிவிடாதீர்கள். உதவியை இன்முகத்துடன் பெறுவதும் பணிவே. இளைஞர்களே, அவர்களுக்கு ஸஃபில் இடம் விட்டு வையுங்கள். நாளை அவ்விடம் உங்களுக்கும் தேவைப்படும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அப்பணிவைத் தந்தருள்வானாக. ஆமீன்.