செல்லைக் கழற்றிட்டு சார்ஜரை மாட்டலாமா?

குழந்தை இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு டப்பா இருக்கும். அதுல பாதி செத்த பென்சில் செல், மீதி செத்ததா உயிரோட இருக்கான்னு தெரியாத பென்சில் செல். அதே வீட்டு டிராயர்ல நாலஞ்சு பழைய போன் சார்ஜர் சும்மா கிடக்கும். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற யாருக்கும் ஒரு யோசனை வரும். பொம்மையை நேரா பிளக்ல போட்டா என்ன?

இதை என்கிட்ட சீரியஸா கேட்டவங்க ஒரு அக்கா. ஸ்பெஷல் எஜுகேட்டர், கை அசைவுல சிரமம் இருக்கிற குழந்தைகளோட வேலை பார்க்கிறாங்க. அவங்ககிட்ட மேளம் அடிக்கிற குரங்கு பொம்மை ஒண்ணு இருக்கு. அதோட ஸ்விட்சை ஒயர் போட்டு வெளியே எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய பட்டனா மாத்தி வச்சிருக்காங்க. பிள்ளை கையை எப்படியாவது கொண்டு வந்து பட்டன் மேல வச்சா, குரங்கு மேளம் அடிக்கும். தான் ஒண்ணு செஞ்சா உலகத்துல ஒண்ணு நடக்கும்னு அந்தப் பிள்ளைக்குப் புரியத்தான் அந்த பொம்மையே. ஆனா சில நாள் செல் இறங்கியிருக்கும். ரெண்டு நிமிஷம் போராடி கையைக் கொண்டு வந்து அழுத்தினா, குரங்கு அசையாது. "செல் தீர்ந்துபோச்சுன்னு அவனுக்கு எப்படித் தம்பி சொல்றது? தன்னாலதான் முடியலைன்னு நினைச்சுக்கிறான்"னாங்க.

சரி, மாட்டலாமா? மாட்டலாம். ஆனா அதுக்கு முன்னாடி, அந்த நாலு செல்லும் மின்சாரம் தர்றதைத் தவிர வேற என்னென்ன வேலை பார்த்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். செல்லை எடுத்துட்டா அந்த வேலையெல்லாம் நம்ம தலையில விழும்.

முதல்ல வோல்டேஜ். இதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது, இருக்கிறதுலயே சுலபமானதும் கூட. ஒரு பென்சில் செல் 1.5 வோல்ட். நாலு செல் வரிசையா இருந்தா 6. போன் சார்ஜர் தர்றது 5 வோல்ட். பத்தாதேன்னு தோணும். ஆனா அதே இடத்துல ரீசார்ஜபிள் செல் போட்டா ஒண்ணு 1.2 வோல்ட்தான், நாலுக்கு 4.8. அதுலயே பொம்மை நல்லா ஓடுதுன்னா 5 வோல்ட்லயும் ஓடும். மூணு செல் பொம்மைன்னா 4.5, அங்கேயும் பெரும்பாலும் 5 வோல்ட் தாங்கும். ரெண்டு செல் பொம்மைக்கு மட்டும் 5 ரொம்ப அதிகம். அதுக்கு 1என்4007-னு ஒரு டையோடு இருக்கு, ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒண்ணு சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கும். வரிசையா மூணு போட்டா 3 வோல்ட்டுக்குப் பக்கத்துல வந்துடும். ஒரு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கலாம்னு சிலர் சொல்வாங்க. மோட்டார் இழுக்கிற கரண்ட் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், அதோட சேர்ந்து ரெசிஸ்டர் குறைக்கிற வோல்டேஜும் மாறும். சரிப்படாது.

அப்பா காலத்து எலிமினேட்டர் வீட்ல இருந்தா அதை எடுக்காதீங்க. டேப்ரெக்கார்டருக்கு வாங்கினது, கனமா இருக்கும், 3, 4.5, 6, 9, 12-னு ஒரு தள்ளுற ஸ்விட்ச் இருக்கும். அதுல 6-னு வச்சாலும், எதையும் மாட்டாதப்போ அளந்து பாருங்க, 8, 9-னு காட்டும். லோடு வந்தாத்தான் இறங்கும். அதுவும் போக, அந்த ஸ்விட்சை ஒரு பிள்ளை 12-க்குத் தள்ள எத்தனை விநாடி ஆகும்?

அடுத்தது கரண்ட். செல்லுக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கு. அதிகமா இழுத்தா வோல்டேஜ் தானா சரிஞ்சுடும். விலை குறைஞ்ச பொம்மைகள் இதை நம்பியே செஞ்சவை. சாவிக்கொத்துல தொங்குற குட்டி எல்.இ.டி டார்ச் பார்த்திருப்பீங்க, பட்டன் செல்லையும் எல்.இ.டியையும் நேரா இணைச்சிருப்பாங்க, நடுவுல ரெசிஸ்டரே இருக்காது. அந்த செல்லால அதுக்கு மேல தர முடியாது, அதுதான் அங்கே பாதுகாப்பு. குரங்கு பொம்மையில இருக்கிற மாதிரி சின்ன மோட்டார் சும்மா சுத்தும்போது கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கையை யாராவது பிடிச்சு நிறுத்திட்டாலோ, பல்சக்கரத்துல முடி சிக்கினாலோ அது ஒரு ஆம்பியரைத் தாண்டிடும். சாதா செல்லா இருந்தா மூச்சு வாங்கி உட்கார்ந்துடும். 2 ஆம்பியர் சார்ஜர் மூச்சே வாங்காது. 5 வோல்ட்டை அப்படியே பிடிச்சுக்கிட்டு ஊட்டும். மோட்டார் சூடாகி, சுத்தின கம்பியோட பூச்சு கருகி, பிளாஸ்டிக் இளகும். பிள்ளை கையில இருக்கிற பொருள் இது.

அதுக்கு பாலிஃப்யூஸ்னு ஒண்ணு இருக்கு. பார்க்க மஞ்சள் கலர் மாத்திரை மாதிரி இருக்கும். அரை ஆம்பியர் அளவுல வாங்கி சிவப்பு ஒயர்ல இடையில சேர்த்துடுங்க. மோட்டார் சிக்கி கரண்ட் ஏறினா அது சூடாகி வழியை அடைச்சுக்கும், பிளக்கை எடுத்து ஆற விட்டா பழையபடி ஆயிடும். குரங்குக்கு நாங்க போட்டது இதுதான். யூடியூப்ல இந்த வேலையைச் செஞ்சு காட்டுற வீடியோ நிறைய இருக்கு. நான் பார்த்த பலதுல இந்த ஃப்யூஸைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

மூணாவது விஷயத்துக்குத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். செல் போட்ட பொம்மைக்கும் சுவர்ல இருக்கிற 230 வோல்ட்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. சார்ஜர் மாட்டின நிமிஷம் சம்பந்தம் வந்துடுது. நடுவுல நிக்கிறது சார்ஜருக்குள்ள இருக்கிற ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரும், போர்டுல சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான்.

இது இல்லாமலேயே பொம்மை வித்த காலமும் உண்டு. ஜெர்மனியில மார்க்லின்னு பொம்மை ரயில் கம்பெனி, இன்னைக்கும் இருக்கு. போன நூற்றாண்டோட தொடக்கத்துல வீட்டு கரண்ட்லயே ஓடுற ரயிலை வித்தாங்க. வோல்டேஜைக் குறைக்க நடுவுல ஒரு பல்ப், அவ்வளவுதான். நம்ம எலெக்ட்ரீஷியன் அண்ணங்க சீரியல் லேம்ப் வச்சு டெஸ்ட் பண்ணுவாங்களே, அதே கணக்கு. ரயில் ஓடும், ஆனா தண்டவாளத்தைத் தொட்டா மெயின்ஸைத் தொட்ட மாதிரி. 1920களிலதான் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு 20 வோல்ட் முறைக்கு வந்தாங்க. இன்னைக்கு ஐரோப்பாவுல பொம்மைக்குக் கொடுக்கிற மின்சாரம் 24 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

அதனால சார்ஜர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். ரோட்டோரத்துல ஐம்பது ரூபாய்க்கு விக்கிற சார்ஜரைப் பிரிச்சுப் பாருங்க. 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவுல நகம் நுழையற இடைவெளி இருந்தாலே அதிசயம். ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற ஒரு கெபாசிட்டர் இருக்கும். நல்ல சார்ஜர்ல அது இதுக்குன்னே சோதிச்ச வகை, எப்பவோ பழுதானாலும் ஷார்ட் ஆகாத மாதிரி செஞ்சது. மட்டமானதுல சாதா கெபாசிட்டரை வச்சிருப்பாங்க. அது ஷார்ட் ஆனா, பொம்மையோட இரும்புப் பாகத்துல மெயின்ஸ். போன் மாட்டியிருந்தா போன் போகும். இங்கே எச்சில் பட்ட கையோட ஒரு பிள்ளை பிடிச்சிருக்கு. சார்ஜர் மேல பி.ஐ.எஸ் முத்திரையும், ஆர்-ல ஆரம்பிச்சு எட்டு இலக்கம் வர்ற எண்ணும் இருக்கான்னு பாருங்க. பி.ஐ.எஸ் கேர் ஆப்ல அந்த எண்ணைப் போட்டா யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு காட்டும்.

பொம்மைக்கும் ஐ.எஸ்.ஐ முத்திரை 2021 ஜனவரியில இருந்து கட்டாயம்தான். ஆனா செல் பொம்மையா சோதிச்சு முத்திரை வாங்கினதை நீங்க ஒயர் போட்டு மாத்தினா, அந்தச் சோதனை உங்க பொம்மைக்குச் செல்லாது. இனி பொறுப்பு உங்களோடது.

எப்படி மாட்டுறதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். பொம்மையை வெட்ட வேண்டாம், டம்மி செல் போதும். பென்சில் செல் 14 மில்லிமீட்டர் சொச்சம் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக்கு ரெண்டு மரக்குச்சி வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு முனையில மட்டும் ஸ்க்ரூ ஏத்தி, அதுல ஒயரைச் சுத்தி ஈயம் வச்சுடுங்க. செல் பெட்டியில இருந்து பொம்மைக்குள்ள போற சிவப்பு, கறுப்பு ஒயர் எந்த ரெண்டு தகட்டுல சேருதோ அங்கே இந்த ஸ்க்ரூ படணும். மத்த இடமெல்லாம் காலியா இருக்கட்டும். பழைய யு.எஸ்.பி கேபிளை வெட்டினா உள்ளே சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ்னு இருக்கும். மட்டமான கேபிள்ல கலரை நம்பாம மீட்டர் வச்சுப் பாருங்க. ஒயர் வெளியே வர்ற இடத்துக்கு உட்பக்கமா ஒரு முடிச்சு போட்டா, இழுத்தாலும் ஈயம் வரைக்கும் போகாது. நிஜ செல் ஒண்ணு கூட உள்ளே இருக்கக்கூடாது. சாதா செல்லுக்குள்ள சார்ஜ் ஏறினா ஒழுகும், வெடிக்கவும் செய்யும்.

பெட்டியில இருந்து ரெண்டு ஒயருக்கு மேல வெளியே வருதான்னும் எண்ணிப் பாருங்க. மூணு வந்தா அதை விட்டுடுங்க. முன்னாடி போக ரெண்டு செல், பின்னாடி வர மத்த ரெண்டு செல்லுன்னு பிரிச்சு எடுக்கிற பொம்மை அது. ஒரு சார்ஜர்ல அது வேலை செய்யாது.

எந்த பொம்மைக்குச் செய்யவே கூடாதுன்னு கேட்டா என் லிஸ்ட் நீளம். ஓடுற கார் வேண்டாம், ஒயர் காலைத் தடுக்கும். தொட்டில் மேல தொங்குறது வேண்டவே வேண்டாம், ஒயர் கழுத்துல சுத்தும். சோப்புக் குமிழி விடுறது, தண்ணியில மிதக்கிறது, எல்லாத்தையும் வாயில வைக்கிற வயசுப் பிள்ளையோடது, எதுவும் வேண்டாம். அதுக்கெல்லாம் ரெண்டு செட் ரீசார்ஜபிள் செல் வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க. மேஜை மேல ஒரே இடத்துல இருந்து, பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பொம்மைக்கு மட்டும்தான் பிளக்.

அதுக்கும் நான் முதல்ல சொல்றது பவர் பேங்க்தான். அதே கேபிள், அதே 5 வோல்ட், சுவரோட சம்பந்தமே இல்லை. பாலிஃப்யூஸ் மட்டும் இங்கேயும் இருக்கணும். ராத்திரி சார்ஜ் போட்டு, காலையில பிளக்ல இருந்து எடுத்துட்டுப் பொம்மைக்கு மாட்டுங்க. ஒரே ஒரு தொந்தரவு உண்டு. பொம்மை கொஞ்ச நேரம் சும்மா இருந்தா, போன் எதுவும் மாட்டலைன்னு நினைச்சுப் பல பவர் பேங்க் தானா அணைஞ்சுடும். அப்போ பட்டனை அழுத்தினாலும் பொம்மை ஓடாது. கம்மியா இழுக்கிற சாதனங்களுக்குன்னு சிலதுல தனி மோடு இருக்கு, பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா வரும். வாங்கும்போது அது இருக்கான்னு கேட்டு வாங்குங்க.