மனசு அமைதியா இருந்தால் போதுமா?
(தோட்டக் குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன வருசம் நம்ம தோட்டத்து ஆட்கள் ஒரு வேன் நிறைய யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் போனோம். நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட்டோம். ஊர்காவற்றுறை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினோம். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறி நடுக்கடலுக்குப் போனதும் காற்று கிளம்பிவிட்டது. மலையில் பிறந்த நமக்கு அலையைப் பற்றி என்ன தெரியும்? பிள்ளைகள் அழுதார்கள். ஒரு அக்கா மட்டும் கண்ணை மூடி அசையாமல் இருந்தார். கரை ஏறினதும், "இயேசு படகில் தூங்கினாரே, அந்தச் சமாதானம் எனக்கும் வந்துச்சு. மகளைக் குவைத்துக்கு அனுப்பலாம்னு ஆண்டவர் சொல்லிட்டார்" என்றார். அவர் அண்ணன், "பிள்ளைங்க அழும்போது நீ கண்ணை மூடிக்கிட்டது சமாதானமா?" என்று கேட்டார். திரும்பும் வழியெல்லாம் இதே பேச்சுத்தான்.

இருவரும் வேதத்தை வைத்துத்தான் பேசினார்கள். யோவான் 14ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களுக்கு விட்டுப்போவதைப் பழைய வேதாகமம் 'சமாதானம்' என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'அமைதி' என்கிறது. நம்ம பேச்சில் சமாதானம் என்றால் சண்டை தீர்வது, அமைதி என்றால் மனசு அடங்குவது. எபிரேய மொழியின் 'ஷாலோம்' என்ற சொல்லில் இரண்டும் உண்டு. உடல் சுகமும், குறையில்லாத வாழ்வும்கூட அதில் அடங்கும்.

சிலர் பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். பவுல் சிறையில் இருந்துகொண்டு, தேவ சமாதானம் இருதயத்தைக் காவல் காக்கும் என்று எழுதினார். வெளியில் எதுவும் மாறாவிட்டாலும் உள்ளே அமைதி வரும் என்பது இவர்கள் கருத்து. யாழ்ப்பாணம் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய துறவிகள் சபை மௌனத்திலும் செபத்திலும் அந்த வழியில்தான் நடக்கிறது.

கொலோசெயர் 3ஆம் அதிகாரம், சமாதானம் உள்ளத்தை ஆளட்டும் என்கிறது. மனசு அமைதியாக இருந்தால் ஆண்டவர் சம்மதித்துவிட்டார் என்று சிலர் அர்த்தம் எடுப்பார்கள். அந்த அக்காவும் அப்படித்தான். ஆனால் மேலே கீழே வாசித்தால், ஒருவரை ஒருவர் பொறுத்து மன்னித்து ஒரே உடலாக வாழச் சொல்லும் இடம் அது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

யோனாவும் புயலில் நன்றாகத் தூங்கினான். அவன் ஆண்டவர் சொல்லை மீறி ஓடினவன்! கெத்சமனேயில் இயேசு பிதாவின் சித்தத்துக்கு அடங்கி நின்றும் மிகவும் கலங்கினார். அப்படியானால் மனசின் அமைதியை மட்டும் வைத்துச் சரி பிழை சொல்ல முடியுமா?

பண்ணைப் பாலம் தாண்டிப் போகும்போது அல்லைப்பிட்டி வரும். 2006 ஆகஸ்ட் 13இல் அங்கே பிலிப்பு நேரியார் கோயிலில் தஞ்சம் புகுந்த சனங்கள் மேல் எறிகணை விழுந்து பலர் செத்தார்கள். பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஆகஸ்ட் 20இல் காணாமற்போனார். அந்த ஊர் ஆட்களிடம், 'மனசை அமைதியா வைச்சுக்கோங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாமா? சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று சொல்கிறவர்களை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்திருக்கிறார். ஆனாலும் அந்தச் சனங்களை இத்தனை வருசம் தாங்குவதில் செபத்துக்கும் பங்கு உண்டு. அதனால் இரண்டு பக்கத்தையும் நாம் தள்ளிவிட முடியாது.

இயேசு படகில் தூங்கினது உண்மை. சீடர்கள் கூப்பிட்டதும் எழும்பிக் காற்றை அடக்கினதும் உண்மை. அக்காவிடம் இதைத்தான் சொன்னோம். "செபம் பண்ணுங்க. அதோடு ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா, மகளின் பெயர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவாகியிருக்கா, ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவுன்னும் பாருங்க. பேரப்பிள்ளையை யார் பார்ப்பாங்கன்னு அண்ணனோட உட்கார்ந்து பேசுங்க."

போய்க் கேட்டார்கள். அந்த ஆள் லைசன்ஸ் நம்பரைக் காட்டவேயில்லை. மகள் இன்னும் நம்ம மலையில்தான் கொழுந்து எடுக்கிறாள். கஷ்டம் தீரவில்லை. ஆனால் அண்ணனும் தங்கையும் இப்போது ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அதுவும் சமாதானம்தான் என்று நாம் நினைக்கிறோம்.