கூடையின் பாரம் எங்கிருந்து வருகிறது?
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடந்த விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, கொழுந்து மடுவத்திலிருந்து திரும்பிய என் தாயார், "ஒத்தைக் கொழுந்து காத்து மாதிரி இருக்கு. கூடை நிறைஞ்சா இவ்வளவு பாரம் எங்கேயிருந்துப்பா வருது?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயிலும் எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று உங்கள் முன் சொல்ல முயல்கிறேன்.

கலஹாவிலிருந்து தெல்தோட்டைக்கு வரும் பஸ் திடீரென்று நின்றால் நாம் முன்னே சரிகிறோம். தன் நிலையை மாற்ற இணங்காத இந்தக் குணமே சடத்துவம். அதை அளப்பது திணிவு. திணிவையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். 1687இல் நியூட்டன் இவற்றை விதிகளாக வகுத்தார். ஆயினும் சடத்துவம் எங்கிருந்து வந்தது என்று அவர் கூறவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன், ஒரு பொருளினுள் அடங்கிய சக்தி கூடினால் அதன் சடத்துவமும் கூடும் என்று காட்டினார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. கொழுந்தின் திணிவில் பெரும்பங்கு புரோத்தன்களிலும் நியூத்திரன்களிலும் உள்ளது. அவற்றினுள் இருக்கும் குவார்க்குகளின் சொந்தத் திணிவைக் கூட்டினால் நூற்றில் ஒரு பங்களவே தேறும். மிச்சமெல்லாம் அவற்றின் ஓட்டமும் அவற்றைப் பிணைக்கும் சக்தியுமே.

இன்னும் உள்ளே சென்றால் என்ன? 1968இல் வெனிசியானோ கண்ட ஒரு சூத்திரம், அதிரும் இழையையே குறிக்கிறது என்று நம்பு முதலிய அறிஞர்கள் உணர்ந்தனர். அதிலிருந்து வளர்ந்ததே இழைக் கொள்கை. வீணையின் ஒரு நரம்பில் பல சுரங்கள் பிறப்பது போல, ஒரே வகை இழையின் அதிர்வுகளே பல துணிக்கைகளாகத் தோன்றுகின்றன என்பது அதன் கூற்று. அதிர்வு மிகுந்தால் திணிவும் மிகும்.

உந்தமோ அங்கே இன்னும் விந்தையானது. மிகச் சிறிய வட்டமாகச் சுருண்ட வெளி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இழை அதைச் சுற்றி ஓடலாம். கம்பில் நூல் போலச் சுற்றியும் கிடக்கலாம். வட்டம் சிறுத்தால் ஓடும் இழைக்குச் சக்தி கூடுகிறது. சுற்றிய இழைக்குக் குறைகிறது. பெருத்தால் நேர்மாறு. ஆகவே ஓட்டத்தையும் சுற்றையும் இடம் மாற்றிக்கொண்டால், சிறு வட்டம் எது, பெரு வட்டம் எது என்று பிரித்தறியவே முடியாது! ஓர் அளவுக்குக் கீழே "சிறியது" என்ற சொல்லே பொருளிழக்கிறது. 1984இல் ஜப்பானிய அறிஞர்கள் கிக்காவாவும் யமசாக்கியும் இதை எடுத்துக் காட்டினர். 1987இல் இது பற்றி எழுதியவர்களுள் சத்தியபாலன் ஒருவர். அவர் பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார்.

அன்பர்களே, ஒன்றை மறைக்கலாகாது. குவார்க்குக் கணக்கு பரிசோதனையால் உறுதிப்பட்டது. இழைக் கொள்கை இன்னும் அவ்வாறு உறுதிப்படவில்லை. அழகாயிருக்கிறது என்பதற்காக அதை உண்மையென்று முழங்கவும் வேண்டாம். விளங்கவில்லை என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். "தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கணிதம் எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: கேள்வி பிறந்தது எங்கள் வீட்டு வாசலில், விடையைத் தேடும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

என் தாயாருக்கு இப்போது சொல்வேன்: "அம்மா, நீங்கள் சுமந்தது அசையாத பாரமன்று; கண்ணுக்குத் தெரியாத ஓயாத ஓட்டத்தையே சுமந்தீர்கள்."